எதிர்வீட்டு விளக்கலங்காரமும் எங்கள் ஜன்னலும்: பண்டிகை வெளிச்சத்துக்கு எல்லை உண்டா?

பெரம்பூர் சந்துவாசி | டிசம்பர் 10, இரவு 11:50

அனைவருக்கும் வணக்கம். மழைநீர் வடிகாலைப் பற்றியும் குடிநீர் லாரியைப் பற்றியும் மட்டுமே இங்கு எழுதிவந்த நான், இம்முறை சொந்த வீட்டு விஷயம் ஒன்றில் உங்கள் ஆலோசனையைக் கேட்கிறேன்.

எங்கள் சந்தில் ஆட்டோ நுழையாது. எங்கள் ஜன்னலுக்கும் எதிர்வீட்டு முகப்புக்கும் நடுவே பன்னிரண்டு அடி இருந்தால் அதிகம். அந்த வீட்டில், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே கிறிஸ்துமஸ் விளக்குகள் எரிகின்றன. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து வாசற்படி வரைக்கும் திரைச்சீலையைப் போல சீரியல் விளக்குகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நடுவில் சுழலும் பெரிய நட்சத்திரம் ஒன்றும், பச்சைப் புள்ளிகளை எங்கள் சுவர் முழுவதும் இறைக்கும் லேசர் விளக்கு ஒன்றும் இருக்கின்றன. ஏழு மணிக்குப் பாட்டு தொடங்கினால் பதினொன்றுக்குத்தான் ஓய்கிறது. விளக்குகளோ விடியும்வரை ஓய்வதில்லை.

நாங்களும் கிறிஸ்தவர்கள்தான். எங்கள் வாசலிலும் ஒரு காகித நட்சத்திரம் தொங்குகிறது. மார்கழிக் குளிரில் அதன் கீழே நின்று பேசுவது எனக்குச் சிறுவயது முதல் பிடித்த விஷயம். ஆகவே பண்டிகையின் மீது எனக்கு வெறுப்பு என்று யாரும் எண்ண வேண்டாம்.

பிரச்சினை என் தாயாரைப் பற்றியது. அவருக்கு வயது 81. ஆடி மாதம் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலோடு இருக்கிறார். அவருடைய கட்டில் கிடக்கும் அறைக்கு இருப்பது ஒரே ஜன்னல். அது தெருவைப் பார்த்தது. அந்த விளக்குகளை இயக்கும் கன்ட்ரோலரில் உள்ள எட்டு வகை ஆட்டங்களில் ஒன்று படபடவென்று அடித்து அணைவது. அது வரும்போதெல்லாம் ஜன்னல் கம்பிகளின் நிழல் எதிர்ச் சுவரில் குதிக்கிறது. நேற்று இரவு இரண்டு மணிக்கு அவர் என்னை எழுப்பி, “சுவத்துல யாரோ நடக்குறாங்க, போகச் சொல்லுடா” என்றார். போர்வையை ஜன்னலில் கட்டிப் பார்த்தேன். காற்று நின்றுபோய் அவருக்கு மூச்சு முட்டியது.

நேரில் போய்ச் சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தரைத்தளத்தில் முழங்கால் அளவுக்கு நீர் நின்றபோது, என் தாயாரைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் மாடியில் மூன்று நாள் வைத்துக்கொண்டவர்கள் அதே குடும்பத்தினர்தான். அவர்கள் சோறு போட்ட கை. அந்த வாசலில் போய் நின்று “உங்கள் விளக்கை அணையுங்கள்” என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் இந்த மாதத்தைக் கழிப்பதும் எனக்கு முடியாததாக இருக்கிறது.

காசிமேட்டுக்காரன் | டிசம்பர் 11, காலை 10:15

அண்ணா, அம்மாவின் நிலையைப் படித்து மனம் கனத்தது. நான் சொல்ல வருவது சற்றே வேறு.

எங்கள் பக்கத்தில் விசைப்படகுக்குப் போகிறவர்களும், விடியுமுன் ஏலத்துக்குக் கூடையோடு போகிற பெண்களும் இரவு எட்டு மணிக்கே படுத்தாக வேண்டும். மணலி ஆலைகளிலும் எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையங்களிலும் துறைமுகத்திலும் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் நம் ஊரில் எத்தனை தெருக்களில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பால் பாக்கெட் போடுகிறவர், செய்தித்தாள் பிரிக்கிறவர், ரயில்வே பட்டறைக்குக் காலை ஷிஃப்டுக்குப் போகிறவர் என எல்லோருக்கும் நடு இரவு என்பது வெவ்வேறு நேரம். “பத்து மணி வரைக்கும்தானே” என்று சொல்பவர்கள், பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறவர்களை மட்டும் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். வடசென்னையில் ஒரு தெருவுக்குள் ஒரே நேரத்தில் பாதிப் பேர் வேலையில் இருப்பார்கள், மீதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள்.

ஆடி மாதம் எங்கள் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் வாரத்தில் தெருவை அடைத்து அலங்கார விளக்குப் பந்தல் போட்டு, கூம்பு ஒலிபெருக்கியும் கட்டுவோம். போன ஆண்டு நானே முன்னின்று கட்டினேன். அந்த வாரம் முழுவதும் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் தூக்கமின்றித் தவித்ததாக அவளுடைய மாமியார் பிறகுதான் சொன்னார். முன்பே சொல்லியிருந்தால் திருப்பிக் கட்டியிருப்போமே என்றேன். “சாமி காரியத்தில் எப்படிப்பா சொல்றது” என்றார் அவர். அந்தப் பதில் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

மாடிவீடு | டிசம்பர் 11, மதியம் 1:30

நண்பர்களின் கருத்தை மதிக்கிறேன். ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

நம் பகுதியைப் பற்றி ஊர் பேசுவதெல்லாம் குப்பைமேடு, சாம்பல் குட்டை, வெள்ளம், வெட்டுக்குத்து ஆகியவையே. ஆண்டில் ஒரு மாதம் பெரம்பூரிலும் ராயபுரத்திலும் தெருக்கள் அழகாக இருக்கின்றன என்றால், அது தங்கள் சேமிப்பைச் செலவிட்டு வாசலை அலங்கரிக்கிற சாதாரணக் குடும்பங்களால்தான். வாரியக் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகள் நடந்தே வந்து அந்த வீடுகளின் முன்னால் நின்று பார்க்கிறார்கள். அவர்களில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் உண்டு. குடிலில் உள்ள ஆட்டுக்குட்டியை எண்ணுகிறார்கள். நுழைவுக் கட்டணமில்லாத பொருட்காட்சி அது.

பெரிய வணிக வளாகங்களில் மாதக்கணக்கில் எரிகிற விளக்குகளை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒரு சந்துக்குள் ஒருவர் தன் வீட்டை அலங்கரித்தால் மட்டும் “அளவு வேண்டாமா” என்று கேட்கிறோம். ஏழைபாழைகள் கொண்டாடினால் அது தொந்தரவு, பணக்காரர் கொண்டாடினால் அது அலங்காரம் என்ற கணக்கு நமக்குள்ளேயே நுழைந்துவிடக் கூடாது என்பது என் கவலை. அம்மாவுக்காகத் திரைச்சீலை போடுங்கள், கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். பண்டிகையை அணைக்கச் சொல்லாதீர்கள்.

இரவுப்பணிச் செவிலி | டிசம்பர் 11, மாலை 5:05

மாடிவீடு ஐயா சொன்ன பிள்ளைகளின் மகிழ்ச்சியை நானும் கண்டவள்தான். ஆனால் திரைச்சீலை போதும் என்பதை ஏற்க முடியவில்லை. முதியோர் வார்டில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

இருட்டத் தொடங்கியதும் நம் மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்து உடலைத் தூக்கத்துக்குத் தயார் செய்கிறது. கண்ணில் படும் வெளிச்சம் அதைக் குறைக்கிறது. மஞ்சள் ஒளியைவிட நீலம் கலந்த வெள்ளை ஒளி கூடுதலாகக் குறைக்கிறது. இன்று கடைகளில் கிடைக்கும் எல்.இ.டி. சரங்களில் பல இந்த வெள்ளை வகையைச் சேர்ந்தவை. வயதானவர்களுக்குத் தூக்கம் ஏற்கெனவே ஆழமற்றது. கண்புரை இருந்தால் ஒளி சிதறி, ஒரு விளக்கு பத்தாகத் தெரியும். எலும்பு முறிவுக்குப் பின் படுக்கையில் கிடப்பவர்களுக்கு இரவில் திடீர்க் குழப்பம் வருவது மருத்துவமனைகளில் நாங்கள் அன்றாடம் பார்ப்பது; அசையும் நிழலை ஆளாகக் காண்பதும் அதில் ஒன்று. அதனால்தான் அத்தகையவர்களுக்கு இரவில் அமைதியும், மங்கலான, ஆடாத ஒரே விளக்கும் வேண்டும் என்று உறவினர்களிடம் சொல்லி அனுப்புகிறோம். சந்துவாசி தம்பி, அம்மா சுவரில் ஆள் நடப்பதாகச் சொன்னதை மருத்துவரிடம் கட்டாயம் தெரிவியுங்கள். விளக்கை மட்டும் காரணமாக எண்ணி விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றும் நீரிழப்பும்கூட அப்படிச் செய்யும்.

படபடவென்று அடிக்கும் விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலிப்பு நோய் உள்ளவர்களில் சிறு பகுதியினருக்கு, நொடிக்கு 3 முதல் 30 தடவை வரை மின்னும் ஒளி வலிப்பைத் தூண்டக்கூடும். பெரும்பாலான வலிப்பு நோயாளிகளுக்கு இதனால் எதுவும் ஆகாது என்பதும் உண்மை. பீதி கிளப்ப நான் விரும்பவில்லை. ஆனால் எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாதபோது, மெதுவாக மாறும் ஆட்டத்தையோ நிலையாக எரிவதையோ தேர்ந்தெடுப்பதில் நமக்கு என்ன நட்டம்? கன்ட்ரோலரில் ஒரு பொத்தானை அழுத்துகிற வேலைதான் அது.

வயரிங் வேலைக்காரர் | டிசம்பர் 11, இரவு 9:20

முப்பது ஆண்டுகளாக வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் வயரிங் வேலை செய்கிறேன். டிசம்பர் மாதம் முழுவதும் எனக்கு இந்த விளக்கு வேலைதான். அதனால் இதில் என் பங்கும் இருக்கிறது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அந்தக் காலத்து சீரியல் செட்டில் குட்டி பல்புகள் நாற்பது இருக்கும். அவற்றைத் தொடராகக் கோத்திருப்பதால் 230 வோல்ட் பங்கிடப்பட்டு ஒவ்வொன்றுக்கும் சுமார் 6 வோல்ட்தான் போகும். பெயரும் அதனால் வந்ததுதான். ஒரு பல்பு போனால் மொத்தச் சரமும் அணையும். சாயங்காலம் முழுவதும் ஒவ்வொரு பல்பாகக் கழற்றிப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது பிள்ளைகளின் வேலை. சரங்கள் சூடேறும், நான்கு சரம் போட்டாலே மீட்டர் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். ஆகவே படுக்கப் போகுமுன் குடும்பத் தலைவர் தவறாமல் எழுந்து வந்து சுவிட்சை அணைப்பார். கரன்ட் பில்தான் தெருவுக்கு நேரக் கட்டுப்பாடு வைத்திருந்தது.

எல்.இ.டி. வந்து அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. ஒரு சரத்துக்கு 6 வாட் என்று வைத்துக்கொண்டு அறுபது சரம் போட்டாலும் 360 வாட்தான். ஆறு மணி நேரம் எரிந்தால் இரண்டு யூனிட்டுக்குச் சற்றே மேல். முன்பு ஒரு முகப்பை முழுக்க மூடுவது வசதி படைத்தவருக்கே முடிந்தது. இப்போது யாராலும் முடியும், விடியும்வரை விட்டுவைக்கவும் முடியும். யாரும் வேண்டுமென்று அடுத்தவரை வருத்துவதில்லை. எழுந்து வந்து அணைக்க வேண்டிய காரணம் இல்லாமல் போனதால் அணைக்க மறந்தார்கள், அவ்வளவுதான் நான் கண்டது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விலை குறைந்த சரங்களில் பல, அடாப்டர் இல்லாமல் நேரடியாக 230 வோல்ட்டில் ஓடுபவை. முடியளவு மெல்லிய கம்பி. மேலே பெயருக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. அதை இரும்பு கேட்டிலும் ஜன்னல் கிரில்லிலும் சுற்றிக் கட்டுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் பெய்யும். உறை கிழிந்த இடத்தில் ஈரம் பட்டால் கேட்டே ஷாக் அடிக்கும். சந்தில் ஓடுகிற பிள்ளைகள் கேட்டைத்தான் முதலில் பிடிப்பார்கள். போன டிசம்பரில் ஒரு வீட்டில் இணைப்பைத் தொட்டுப் பார்த்தேன். இன்சுலேஷன் டேப் நனைந்து வழுவழுவென்று கழன்று கையோடு வந்தது, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. வெளிப்புற விளக்குகள் போகிற லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் டிரிப்பர் (மின்கசிவு வந்தால் உடனே கரன்டைத் துண்டிக்கும் சாதனம்) இல்லாத வீட்டில் நான் இப்போது வேலையை ஏற்பதில்லை. தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குச் சரம் இழுப்பதும், மின்கம்பத்தில் கட்டுவதும் அறவே கூடாது.

சந்துவாசி தம்பிக்கு என் யோசனை இது. டைமர் என்று ஒரு பொருள் கடையில் கிடைக்கும். பிளக்குக்கும் சரத்துக்கும் நடுவே செருகிவிட்டால் குறித்த நேரத்தில் தானே அணையும். விளக்குகளைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். நேரம் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கட்டியவருக்குக் குறைப்பது வலிக்கும்; அணைப்பது வலிக்காது.

மாடிவீடு | டிசம்பர் 11, இரவு 10:40

செவிலி அம்மாவும் வயரிங் ஐயாவும் சொன்னதைப் படித்தேன். திரைச்சீலை போடச் சொன்னது அவசரமாகச் சொன்ன சொல். அம்மாவின் நிலையை எண்ணாமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கொண்டாட்டத்தைக் குறைக்கக் கூடாது என்ற என் நிலையில் மாற்றமில்லை. நேரம் வைப்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வழக்குரைஞர் வடக்கு | டிசம்பர் 12, காலை 8:00

சட்டம் என்ன சொல்கிறது என்று தனிச் செய்தியில் இருவர் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன்.

ஒலிக்குத் தெளிவான விதி உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்பது வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அந்த நேரத்தில் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை நாட்களில் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆகவே பதினொரு மணிப் பாட்டைப் பற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

வீட்டு அலங்கார வெளிச்சத்துக்கு அப்படி அளவு வகுத்த தனி விதி நம்மிடம் இல்லை. பொதுத் தொல்லை என்ற பொதுவான பிரிவைத்தான் நாட வேண்டும். அது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 270-ஆவது பிரிவு. தொல்லையை அகற்ற நிர்வாக நடுவர் நிபந்தனை ஆணை பிறப்பிப்பது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு. ஒரே ஒரு வீட்டுக்கு ஏற்படும் இடைஞ்சல் அந்த வரையறைக்குள் எளிதில் அடங்காது. உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக நேரும். பன்னிரண்டு அடிச் சந்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நம் பகுதிக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. மாதவரம் நெடுஞ்சாலையில் உள்ள கே.கே.ஆர். நகரில், ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி தொடர்பாகக் குடியிருப்போர் சங்கம் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2000 ஆகஸ்டில் முடிவானது. பிறருடைய அமைதியைக் குலைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். முதியவர்கள், நோயாளிகள், படிக்கிற மாணவர்கள், கைக்குழந்தைகள் ஆகியோரின் அமைதிக்கு உள்ள உரிமையையும் அது குறிப்பிட்டுச் சொன்னது. ஒலிபெருக்கி, கொட்டு முழக்கம் பற்றிய தீர்ப்பு அது, விளக்கைப் பற்றியதல்ல. ஆயினும் எல்லா மதப் பண்டிகைகளுக்கும் பொருந்தும் அந்தக் கொள்கை நம் வடசென்னை வழக்கு ஒன்றிலிருந்து நாடு முழுமைக்கும் போனது. இதை எதிர்வீட்டில் போய் மேற்கோள் காட்டச் சொல்லவில்லை. கேட்பது தவறில்லை என்ற தெளிவோடு போங்கள் என்பதற்காகவே எழுதினேன்.

கொளத்தூர் வாசகர் | டிசம்பர் 12, மாலை 4:30

இந்த விவாதத்துக்கு நேராகப் பொருந்தும் ஒரு வரலாறு அமெரிக்காவில் உண்டு. மின்விளக்கில் அலங்கரித்த கிறிஸ்துமஸ் மரம் 1882-இல் நியூயார்க்கில், எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சனின் வீட்டில் 80 பல்புகளோடு தொடங்கியது. அங்கிருந்து நூறாண்டு கடந்து, ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஜென்னிங்ஸ் ஆஸ்பர்ன் என்ற தொழிலதிபர் 1986-இல் மகளின் ஆசைக்காக ஆயிரம் விளக்குகளைத் தன் வீட்டில் கட்டினார். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது பெருகி 1993-இல் முப்பது லட்சம் விளக்குகளாகியது. பக்கத்து நிலங்களையும் வாங்கிச் சேர்த்து விரித்தார். பார்க்க வந்த கார்கள் தெருவை அடைத்துக்கொண்டன. குடியிருப்பவர்கள் தங்கள் வீட்டுக்கே போய்ச் சேர முடியாத நிலை. அக்கம்பக்கத்தார் ஆறு பேர் வழக்குத் தொடுத்தார்கள். மாநில உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. அதே விளக்குகள் 1995-இல் ஃபுளோரிடாவின் டிஸ்னி பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போயின. 2016 ஜனவரி வரை மக்கள் அங்கே பார்த்து மகிழ்ந்தார்கள். குடியிருப்புத் தெருவில் வழக்காகிப்போன ஒரே பொருள், படுக்கையறை ஜன்னல் இல்லாத இடத்தில் இருபதாண்டுக் காலம் கொண்டாட்டமாக இருந்தது. விளக்கு மாறவில்லை, அது எதை நோக்கி எரிந்தது என்பதுதான் மாறியது. நம் சந்துகளில் ஒவ்வொரு முகப்பும் இன்னொரு வீட்டின் படுக்கையறையை நோக்கித்தான் இருக்கிறது. பெரிய அலங்காரத்தை ஆலய வளாகத்திலோ விளையாட்டுத் திடலிலோ தெருமுனையிலோ எல்லோரும் சேர்ந்து வைத்துக்கொள்ளலாமே? மாடிவீடு ஐயா சொன்ன வாரியக் குடியிருப்புப் பிள்ளைகளும் அங்கே வரலாம்.

மில்காரர் மகன் | டிசம்பர் 12, இரவு 8:45

நான் விளக்குக் கட்டுகிறவன். சந்துவாசியின் எதிர்வீட்டுக்காரன் அல்ல. என் வீடு ராயபுரத்தில் இருக்கிறது. ஆனால் அவர் எழுதியதைப் படித்தபோது என் வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன்.

என் தந்தை பின்னி மில்லில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு டிசம்பரிலும் பாரிமுனைக்குப் போய் ஒரே ஒரு சரம் வாங்கி வருவார். பழையவற்றைக் காக்கி உறையில் சுற்றி, ஆண்டு எழுதிப் பரணில் வைப்பார். 1996-இல் மில் மூடப்பட்ட பிறகு வந்த கிறிஸ்துமஸில் புதுச்சரம் வாங்கவில்லை. பழையவற்றைப் பழுது பார்த்துக் கட்டினார். அந்த ஆண்டுதான் எங்கள் வாசல் மிகவும் அழகாக இருந்ததாக எனக்கு நினைவு. அவர் போன பிறகு வேலைக்குச் சேர்ந்த நான், அவர் வாங்க முடியாத அத்தனையையும் வாங்கிக் கட்டுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் முதல் சரமாக அவருடைய சரம் ஒன்றைத்தான் கட்டுவேன். அதில் இப்போது எரிவது பதினோரு பல்புதான்.

இதை எழுதுவது இரக்கம் தேடுவதற்காக அல்ல. எங்களில் பலருக்கு இந்த விளக்குகள் வீண் பகட்டு இல்லை என்பதைச் சொல்வதற்காக எழுதுகிறேன். “அணை” என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னால் செத்துப்போனவரை அவமதித்ததாகத்தான் எனக்குத் தோன்றியிருக்கும். ஆனால் “எங்கள் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை” என்று ஒருவர் வந்து சொல்லியிருந்தால் அந்த இரவே ஏணி போட்டு ஏறியிருப்பேன். அப்படி யாரும் வந்து சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எங்கள் எதிரில் உள்ள கீழ்வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தை இருக்கிறது. நேற்று முதல் தடவையாக அந்த வீட்டு வாசலில் நின்று என் வீட்டைப் பார்த்தேன். கண்ணில் குத்துகிறது. இத்தனை ஆண்டுகளில் என் அலங்காரத்தை அவர்கள் பக்கத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை.

சந்துவாசி சகோதரருக்கு ஒரு வேண்டுகோள். அந்த வீட்டாரை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். விளக்கு எரிகிற நேரத்தில் அம்மாவின் கட்டிலருகே உட்கார வையுங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

காசிமேட்டுக்காரன் | டிசம்பர் 12, இரவு 9:10

இதைத்தான் செய்ய வேண்டும், அண்ணா. உங்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உங்கள் அம்மாவைப் பார்க்க வர மாட்டார்களா?

பெரம்பூர் சந்துவாசி | டிசம்பர் 16, இரவு 10:35

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை மாலை எதிர்வீட்டு அக்காவைக் காபிக்கு அழைத்தேன். அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவர், ஏழு மணிக்கு அவருடைய மகன் சுவிட்சைப் போட்டதும் பேச்சை நிறுத்தினார். பச்சைப் புள்ளிகள் அம்மாவின் வெள்ளைப் போர்வையில் ஊர்ந்தன. அம்மா கையை உயர்த்தி அவற்றை ஓட்டிவிட முயன்றார். அக்கா எழுந்து ஜன்னலருகே போய்த் தன் வீட்டையே சிறிது நேரம் பார்த்தார். “ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?” என்று என்னைக் கேட்டபோது அவருக்குக் குரல் தழுதழுத்தது. அவர்கள் செய்த உதவியை நினைத்துச் சொல்லத் தயங்கினேன் என்று சொன்னேன். அதற்கு அவர் என்னைத் திட்டிய திட்டு இங்கே எழுதத் தக்கதல்ல. ஆனால் அந்தத் திட்டில் எனக்கு இரண்டு வாரப் பாரம் இறங்கியது.

அன்றிரவே லேசர் விளக்கைச் சந்தின் கடைசி மதிற்சுவரை நோக்கித் திருப்பினார்கள். படபடக்கும் ஆட்டத்தை மாற்றி நிலையாக எரிய வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நானும் அவர் மகனும் பாரிமுனைக்குப் போய் டைமர் வாங்கி வந்தோம். வயரிங் ஐயா சொன்ன டிரிப்பரும் பொருத்தியாயிற்று. பாட்டு ஒன்பதரைக்கு முடிகிறது, விளக்குகள் பத்துக்கு அணைகின்றன. இருபத்து நான்காம் தேதி இரவு மட்டும் விதிவிலக்கு; நள்ளிரவுத் திருப்பலி முடிந்து தெருவே விழித்திருக்கும்போது எங்களுக்கும் இருட்டு வேண்டாம்.

செவிலி அம்மா சொன்னபடி மருத்துவரிடம் காட்டினேன். சிறுநீர்த் தொற்றும் இருந்திருக்கிறது, மருந்து கொடுத்திருக்கிறார். நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் எல்லாப் பழியையும் விளக்கின் மேல் போட்டிருப்பேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். லேசரைத் திருப்பிய பக்கத்தில், மதிலுக்கு மேலே, பின் தெரு வீடு ஒன்றின் மாடி ஜன்னல் இருக்கிறது. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. நாளை மாலை அக்காவும் நானும் போய்க் கதவைத் தட்டுவதாக இருக்கிறோம்.